கண்ணுக்குத் தெரியாத தூய்மை

நுழையும்முன்

தீக்காயச் சிகிச்சை என்றதும் மருந்தும் மருத்துவரும் நம் நினைவுக்கு வருவர். நோயாளி படுத்திருக்கும் கட்டிலின் கம்பிக்கும் அவர் உயிரைக் காப்பதில் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். மருத்துவமனைப் பரப்புகளில் கிருமிநீக்கிகள் செயல்படும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தோல் என்னும் மதில்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பட்டாசுத் தொழிலே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளில் பலத்த காயமடைவோர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வரை கொண்டு செல்லப்படுவது வழக்கம்.

தீயிலிருந்து மீண்டவரை அடுத்து அச்சுறுத்துவது நோய்த்தொற்று. தோல் நம் உடலின் மதில். அது வெந்துபோனால் கிருமிகள் தடையின்றி நுழைகின்றன. ஸ்டெஃபைலோகாக்கஸ், அசினெட்டோபேக்டர் போன்றவை உலர்ந்த பரப்பிலும் பல நாள்கள், சிலபோது மாதக்கணக்கில், உயிர்வாழ வல்லவை. சூடோமோனாஸ் ஈரத்தை நாடும். கைகழுவும் தொட்டியும் தரை துடைக்கும் துணியும் அதன் உறைவிடங்கள். அங்கிருந்து கைகளின் வழியே அவை புண்ணை அடைகின்றன.

வேதிப்பொருள் வந்த வழி

1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வெய்ஸ், சலவைத்தூள் கரைசலில் மருத்துவர்களைக் கைகழுவச் செய்தார். மகப்பேற்றுக் காய்ச்சலால் நேர்ந்த இறப்புகள் பெரிதும் குறைந்தன. நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை. 1865இல் கிளாஸ்கோவில் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைக் காயங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

வினைபுரியும் விதம்

இன்று பரவலாகப் பயன்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. இது கிருமிகளின் புரதங்களை ஆக்சிசனேற்றம் செய்து அழிக்கிறது. ஆனால், கிருமி எது, அழுக்கு எது எனப் பிரித்தறியும் ஆற்றல் அதற்கில்லை. இரத்தமும் சீழும் படிந்த இடத்தில் ஊற்றினால், குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அடியிலுள்ள கிருமி பிழைத்துக்கொள்ளும். எனவே, முதலில் சோப்புநீரால் அழுக்கை அகற்றி, நல்ல நீரால் துடைத்து, அதன் பின்னரே கிருமிநீக்கியைப் பூச வேண்டும்.

ஆல்கஹால் புரதத்தை உறையச் செய்கிறது. இவ்வினைக்கு நீரும் தேவை என்பதால், தூய ஆல்கஹாலைவிட 70 விழுக்காட்டுக் கரைசலே சிறந்தது. எனினும், பாக்டீரியாவின் வித்துகளை அது அழிப்பதில்லை. எளிதில் தீப்பற்றுவதால் அகன்ற தரைகளுக்கும் அது ஏற்றதன்று.

அளவும் நேரமும்

33 விழுக்காடு குளோரின் உள்ள சலவைத்தூளில் 30 கிராம் எடுத்து 1 லிட்டர் நீரில் கலந்தால் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். வெப்பமும் ஈரமும் பட்ட தூள் குளோரினை இழக்கும். அதன் வீரியம் பாதியாகியிருந்தால், அதே 30 கிராமில் 0.5 விழுக்காடே எஞ்சும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, பயனோ வேறு. வெயில் மிகுந்த விருதுநகர் மாவட்டத்தில் இத்தூளை மூடிய கலனில், நிழலில் வைப்பது இன்றியமையாதது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு; செறிவு கூடினால் உலோகம் அரிக்கும், கண்ணும் மூச்சும் எரியும்.

பூசிய உடனே துடைத்தெடுப்பதும் தவறு. கிருமிநீக்கிக்குக் குறிக்கப்பட்ட நேரம் முழுவதும் பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது பயன் தரும்.

தெரியுமா?

சலவைத்தூளுடன் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தைச் சேர்த்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

துடைக்கும் கைகள்

எந்த வேதிப்பொருளும் தானாகச் சென்று கிருமியைத் தேடுவதில்லை. அழுக்குத்துணியை நனைத்த வாளியில் நீர்த்துப்போன கிருமிநீக்கியிலேயே சூடோமோனாஸ் வாழ்வதுண்டு. தூய்மையான இடத்திலிருந்து அழுக்கான இடத்திற்கு, மேலிருந்து கீழாக, கட்டிலுக்குக் கட்டில் துணியை மாற்றித் துடைக்கும் பணியாளரே அதனைப் பயனுடையதாக்குகிறார். அளவு தவறினால் ஆபத்து என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். அவர்கள் காயமுற்றுப் படுத்திருக்கும் அறையைத் துடைப்பவருக்கும் அந்த அறிவும், அதற்குரிய பயிற்சியும், கையுறையும், மதிப்பும் கிடைக்க வேண்டும். மருந்தின் பயன் அவர்தம் கைகளையும் சார்ந்தே நிற்கிறது.