இதயத்தைச் சுடும் இடுக்கி

இதய அறுவை அறையில் ஓர் இடுக்கி உண்டு. நீண்ட கைப்பிடி, வளைந்த இரண்டு தாடைகள், பின்னால் ஒரு மின்கம்பி. மருத்துவர் அதைக் கொண்டு இதயத்தின் மேலறைச் சுவரைக் கவ்வுகிறார். காலடியில் உள்ள மிதியை அழுத்துகிறார். ஏறக்குறைய 10 வினாடியில் தாடைகளுக்கு நடுவே இருந்த தசை வெந்து, வெளிறிய கோடாக மாறிவிடுகிறது. அந்தக் கோட்டில் உள்ள செல்கள் இனிப் பிழைக்கா. நோயாளியைக் காப்பாற்றவே அவருடைய இதயத்தில் ஒரு கீற்றை வேண்டுமென்றே சாகடிக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

படிவம் 4 உயிரியல் படித்தவர்களுக்கு ‘நோடஸ் சைனோஅட்ரியம்’ நினைவிருக்கும். வலது மேலறையின் சுவரில் உள்ள சிறு தசைத் திட்டு அது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அங்கே ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. அது மேலறைகள் முழுவதும் பரவி, நடுவில் உள்ள இன்னொரு கணுவில் சற்றுத் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை முதலில் சுருங்க, கீழறை அடுத்துச் சுருங்க, இரத்தம் ஒழுங்காக ஓடுகிறது.

சிலருக்கு இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மேலறையில் ஒன்றல்ல, பல மின் அலைகள் ஒரே நேரத்தில் சுற்றித் திரிகின்றன. வார இறுதியில் பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் வரும் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டிகள் நிறைய, நகர்வதோ ஒன்றும் இல்லை. மேலறை நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை வெறுமனே நடுங்குகிறது, சுருங்குவதில்லை. மருத்துவர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். நாம் மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

நடுக்கத்தால் மட்டும் ஆள் உடனே விழுந்துவிடுவதில்லை. ஆபத்து தேங்கும் இரத்தத்தில் இருக்கிறது. இடது மேலறையோடு ஒட்டி, கைவிரல் போன்ற ஒரு சிறு பை தொங்குகிறது. சுருங்காத மேலறையில், அந்தப் பையின் மூலையில், இரத்தம் கட்டியாகிறது. கட்டி கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர்மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு என்று காட்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, அதோடு நடுக்கமும் சேர்ந்தவர்களுக்கோ 17 மடங்கு. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் சிறு வயதில் வரும் தொண்டை வலியில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைத் தாக்குகிறது. அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் காவல் படை, ஆள் மாறிப்போய் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. ஒரு சிறு வீட்டில் பலர் நெருக்கமாக வாழும் இடங்களில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். பழைய தோட்டத்து லயத்து வீடுகள் அப்படித்தான் இருந்தன. கெட்ட வால்வு உடனே தொல்லை தராது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து இடது மேலறை வீங்கிப் பெருக்கும். பெருத்த மேலறையில் நடுக்கம் குடியேறும். படியேறினால் மூச்சு வாங்குகிறது, வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் பாட்டி வீட்டில் இருந்தால், காரணம் வயது மட்டும்தான் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

இனி இடுக்கிக்கு வருவோம். 1987 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ஜேம்ஸ் காக்ஸ் ஒரு புதுவகை அறுவை செய்தார். மேலறைச் சுவரைக் கத்தியால் குறிப்பிட்ட கோடுகளில் வெட்டி, வெட்டிய இடத்தையே மறுபடி தைத்தார். வெட்டும் தையலும் ஆறியதும் தழும்பாகும்; தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. திரியும் அலைகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தழும்பில் முட்டி நின்றுவிடும். சரியான துடிப்புக்கு மட்டும் மேலிருந்து கீழே வர ஒரு வழி திறந்திருக்கும். முட்டுச்சந்துகள் நிறைந்த புதிர்வழி போல இருந்ததால் ஆங்கிலத்தில் அதற்கு ‘மேஸ்’ என்று பெயர் வந்தது.

பலன் நன்றாக இருந்தது. ஆனால் செய்ய ஆள் குறைவு. மேலறையைத் துண்டு துண்டாக வெட்டித் தைக்க நெடுநேரம் ஆகும். அதுவரை இதயத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் இரத்தம் கசியக்கூடிய இடம். கத்திக்குப் பதில் வெப்பத்தால் அதே கோட்டைப் போட முடியாதா என்று பலர் யோசித்தார்கள்.

இந்தக் கதை பெரும்பாலும் அமெரிக்காவை மட்டும் வைத்துச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பட்வர்தனும் அவர் குழுவினரும், ருமாட்டிக் வால்வு நோயாளிகளுக்கு வால்வைச் சரிசெய்யும்போதே, காக்ஸின் வெட்டுகளுக்குப் பதிலாக இருமுனை ரேடியோ அதிர்வெண் மின்சாரத்தால் சுட்டுக் கோடு போட்டு, அதை 1997இல் ஓர் ஐரோப்பிய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இதற்கென்றே வடிவமைத்த இடுக்கிகள் பரவலாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்த வேலை அது. யாருடைய நோய்க்காக அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டு, 1998இல், பிரான்சின் போர்டோ நகரில் டாக்டர் ஹைசாகேர் குழு இன்னொன்றைக் கண்டது. 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தூண்டும் 69 புள்ளிகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் 94 விழுக்காடு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளுக்குள் இருந்தன. அப்படியானால் அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வேலி போட்டாலே பாதி வேலை முடிந்தது. சிரைகள் வழக்கமாக நான்கு: வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்து, சிரையின் மீது படாமல் அது மேலறையோடு சேரும் தசைப் பகுதியைக் கவ்வுவதற்கு இடுக்கி அளவெடுத்தது போல் பொருந்தியது. சிரையையே சுட்டால் அது சுருங்கி அடைத்துக்கொள்ளும்.

ஏன் இடுக்கி? சூடான கம்பியால் வெளியிலிருந்து ஒரு கோடு இழுத்தால் போதாதா? வகுப்பில் செய்து பார்க்கும் ஒரு சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதக் குவளையில் நீர் ஊற்றி மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடித்தால் காகிதம் எரிவதில்லை. வெப்பத்தை நீர் எடுத்துக்கொள்கிறது. (வீட்டில் செய்வதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.) துடிக்கும் இதயத்திலும் இதே கதைதான். சுவரின் உள்பக்கம் 37 பாகைச் செல்சியஸ் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியில் சுட்டால் வெளித்தசை வேகும், உள்தசை தப்பிவிடும். தசைச் செல் மீளாமல் சாக 50 பாகைக்கு மேல் போக வேண்டும். இடுக்கி சுவரின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நசுக்குவதால் இடையில் இருந்த இரத்தம் வெளியேறிவிடுகிறது. குவளையிலிருந்து நீரைக் கொட்டிவிட்ட மாதிரி.

மின்சாரம் ஒரு தாடையிலிருந்து மறு தாடைக்கு மட்டுமே பாய்கிறது. ஒருமுனைக் கருவியில் அப்படியில்லை. உடலில் ஒட்டிய தகட்டைத் தேடி மின்சாரம் உடல் வழியே போகும். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருப்பதால், வெப்பம் தாடைகளுக்குள் அடங்குவது பெரிய பாதுகாப்பு.

“ஷாக் அடிக்காதா டீச்சர்?” என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் ஈடுகொடுத்துத் துடிக்கும். அதனால்தான் ஆளைக் கொல்கிறது. இடுக்கியில் பாய்வதோ வினாடிக்கு 4, 5 இலட்சம் சுற்று, பழைய மத்திய அலை வானொலிக்குப் பக்கத்து வீடு. அவ்வளவு விரைவில் திசை மாறினால் தசைச் செல் எதிர்வினை காட்ட நேரமே இல்லை. செல்லுக்குள் உள்ள அயனிகள் மட்டும் முன்னும் பின்னும் உரசுகின்றன. உரசலில் சூடு பிறக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. எப்போது நிறுத்துவது? குறைவாகச் சுட்டால் ஓட்டை. கூடுதலாகச் சுட்டால் தசை கருகிக் கிழியும். சுவரின் கனமோ ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறு. கருவி இதற்கு ஓம் விதியையே நம்புகிறது. உயிருள்ள தசை உப்புநீர் நிறைந்தது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெந்து காயக் காய மின்தடை கூடுகிறது. பாயும் மின்னோட்டம் குறைகிறது. கருவி அதை இடைவிடாமல் அளக்கிறது. நேரம் கிடைமட்டத்தில், கடத்தும் திறன் செங்குத்தில் என்று வரைபடம் வரைந்தால், கோடு சரிந்து வந்து ஓரிடத்தில் தட்டையாகும். தட்டையானால் முழுக் கனமும் வெந்துவிட்டது என்று பொருள். இது போன்ற இடுக்கிகளை வைத்து 2002இல் காக்ஸ் முறையின் நான்காம் வடிவம் தொடங்கியது. நடுக்கத்துக்காக மட்டும் செய்த அறுவைகளில், இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் சராசரியாக 93 நிமிடத்திலிருந்து 47 நிமிடமாகக் குறைந்தது என்று 2004இல் அந்தக் குழு எழுதியது.

ஆனால் கருவியின் சமிக்ஞையை மட்டும் நம்பிவிட முடியாது. இதயத்தின் மேல் கொழுப்புப் படலம் இருந்தால் அதுவே மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தசை வேகாமலேயே வெந்தது போலக் காட்டக்கூடும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும், மின் அலை நுழைந்துவிடும். வேலியில் ஒரு கம்பி விட்டுப்போனால் ஆடு கண்டுபிடித்துவிடுகிறதல்லவா? ஆகவே மருத்துவர்கள் ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை கவ்வுகிறார்கள். பிறகு வேலிக்கு அப்பால், சிரைப் பக்கத்தில், சிறு மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கிறார்கள். இதயம் அதைக் கேட்டுத் துடித்தால் வேலியில் ஓட்டை. கேட்காவிட்டால் கோடு முழுமை. ஈரிதழ் வால்வின் விளிம்பில் இடுக்கியின் தாடை எட்டாது. அங்கே மைனஸ் 60 பாகை அளவுக்கு உறையவைக்கும் குளிர்முனையைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை எல்லாருக்கும் செய்வதில்லை. மாத்திரை உண்டு, தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயை நுழைத்துச் சுடும் முறையும் உண்டு, இன்று அதுவே அதிகம். வால்வு மாற்றவோ அடைப்புக்கு பைபாஸ் செய்யவோ நெஞ்சைத் திறந்தாக வேண்டியவர்களுக்குத்தான் இடுக்கி பெரும்பாலும் பயன்படுகிறது. திறந்ததோடு இதையும் முடித்துவிடலாம். பெருத்துப்போன பழைய மேலறையில் நடுக்கம் திரும்பி வருவதும் உண்டு. சிலருக்குப் பின்னர் பேஸ்மேக்கர் தேவைப்படும்.

வீட்டில் யாருக்காவது வால்வு அறுவை என்று முடிவானால், நடுக்கம் இருக்கிறதா, அதற்கும் சேர்த்துச் செய்வீர்களா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

திரிங்காப்வாசிகளுக்கு இன்னொரு செய்தி. கட்டி பிடிக்காமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கீரை, சாவி, புரோக்கோலி போன்ற பச்சைக் காய்கறிகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு கீரையை விட்டுவிடச் சொல்ல முடியாது, விடவும் வேண்டாம். ஒரு வாரம் அள்ளித் தின்று மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் தொல்லை. அளவு வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி இருக்கட்டும், இரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டிலுள்ள பெரியவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரல்களை வைத்து, முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனியுங்கள். நடுவில் எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. எந்த ஒழுங்குக்கும் அகப்படாமல், ஒன்று நெருங்கி ஒன்று விலகி, பலமாகவும் மெலிதாகவும் மாறி மாறி வந்தால், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ அழைத்துப் போய் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இராது.