கணக்கு நோட்டைக் கண்ட தம்பிக்கு



கொத்தடிமைத் தொழிலாளர்களுக்காக உழைக்கும் கிறிஸ்தவ அமைப்பு ஒன்றில் செய்தித் தொடர்பாளர் வேலைக்கு நீ எழுதிய விண்ணப்பமும், மாதிரியாக இணைத்த செங்கல் சூளைக் கட்டுரையும் வந்து சேர்ந்தன. நடை சுத்தம், தன்விவரம் ஒரே பக்கம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது விண்ணப்பத்தின் முதல் மூன்று பத்திகளைப் பற்றி. ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், ஆண்டவரின் அழைப்பு என்று மூன்றும் உன் விசுவாசத்திலேயே நிற்கின்றன. சூளை நான்காவது பத்தியில்தான் வருகிறது. அதுவும் எந்த ஊர்ச் சூளை என்று சொல்லாமல்.

இதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. விசுவாசத்தைச் சொல்லவும் இடம் உண்டு. சில அமைப்புகள் படிவத்திலேயே அதற்கென்று தனிக் கேள்வி வைத்திருக்கும். போதகரின் பரிந்துரைக் கடிதமும் கேட்கும். அங்கே மனம் திறந்து எழுது. கடிதத்தின் தொடக்கத்தைத் தொழிலாளிக்குக் கொடு.

எடுத்துக்காட்டாக ஒரு கடிதத்தைப் பார். 1982 பிப்ரவரியில் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்த அமைப்பைத் தொடங்கிய சுவாமி அக்னிவேஷ் ஆரிய சமாஜத் துறவி. காவி உடையோடு ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரிகளுக்குள் போனவர். அந்தக் கடிதத்தில் இருந்தவை குவாரிகளின் பெயர்கள், அங்கே சிக்கியிருந்த தொழிலாளர்களின் விவரங்கள், எந்தெந்தச் சட்டங்கள் நடைமுறையில் இல்லை என்ற பட்டியல். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்று, ஆணையர்களாக வழக்கறிஞர்களைக் குவாரிக்கு அனுப்பியது. மூச்சுவிட முடியாத தூசியையும், தொழிலாளர்கள் குடித்த ஓடையின் அழுக்குத் தண்ணீரையும் அவர்கள் பதிவு செய்தார்கள். இது கட்டாய உழைப்பாக இருக்கலாம், கொத்தடிமை ஆகாது என்று ஹரியானா அரசு வாதாடியது. கட்டாய உழைப்பு நிரூபணமானால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

அக்னிவேஷைக் குவாரிக்குக் கொண்டுபோனது அவருடைய நம்பிக்கை. நீதிபதியை அசைத்தது குவாரியின் பெயர்.

இனி கட்டுரை. ‘குடும்பம் துன்புறுத்தப்பட்டது’, ‘கூலி மறுக்கப்பட்டது’, ‘தன்னார்வலர்களால் மீட்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாய். துன்புறுத்தியது உரிமையாளரா, மேஸ்திரியா? மீட்பில் வருவாய்த் துறை எங்கே போனது? 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. விடுவிப்புச் சான்றிதழைக் கோட்டாட்சியர் கொடுத்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு மறுவாழ்வு உதவி நகரும். சான்றிதழைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அந்தத் தொழிலாளியின் மனைவியின் அண்ணன் இரவு பஸ் பிடித்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்தாரே, அவர் ஒரே வரியில் வந்து மறைகிறார். மீட்பைத் தொடங்கி வைத்த மனிதர் அவர்தான்! தன்னார்வலர்களுக்கு மட்டும் ஐந்து பத்தி.

குழந்தையின் முகம் தெரியும் படத்தை உடனே எடுத்துவிடு. சூளையில் வேலை வாங்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டினால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் படம் கூடாது. நாளை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டியவள்.

உன்னிடம் கேட்ட கேள்விகள் புதியவை அல்ல. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் ஸ்டென்சிலில் தட்டச்சாகி, சைக்ளோஸ்டைலில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. இதை எழுதுபவர் வேலை பழகிய அறையில் ஒரு பாதிரியார் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். ‘யார் சொன்னது? என்றைக்கு? கூட யார் இருந்தார்கள்?’ என்று வரிக்கு வரி கேட்பார். ஓரத்தில் பதில் இல்லாத வரி ஸ்டென்சிலுக்குப் போகாது. கண்ணீர் வரிகளை அடித்துவிட்டு, கூலியும் கடனும் தேதியும் உள்ள வரிகளை விட்டுவைப்பார். ஜெப மணி அடித்தால் எழுந்து போவார். திரும்பி வந்து அதே வரியில் தொடங்குவார்.

சிலி நாட்டில் இந்தக் கண்டிப்பு எவ்வளவு தூரம் போனது என்று பார். இராணுவச் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சியில், 1976இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் சாந்தியாகோ மறைமாவட்டத்தில் ‘விகாரியா தெ லா சோலிதாரிதாத்’ என்ற மனித உரிமை அலுவலகத்தைத் தொடங்கினார். 1978இல் லோன்கேன் என்ற ஊரின் கைவிடப்பட்ட சுண்ணாம்புச் சூளையில் மனித எலும்புகள் கிடப்பதாக அந்த அலுவலகத்தினருக்குத் தகவல் வந்தது. உடனே உலகத்துக்கு அறிவித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆயர், வழக்கறிஞர்கள், இரண்டு பத்திரிகையாளர்கள் கொண்ட குழுவை நவம்பர் 30 அன்று அங்கே அனுப்பி, கண்ணால் பார்க்க வைத்து, மறுநாள் உச்ச நீதிமன்றத்திடம் சொன்னார்கள். பத்திரிகையாளர்களும் அன்று சாட்சிகளாகப் போனவர்கள். கிடைத்தவை 1973 அக்டோபரில் போலீஸ் கொண்டுபோன 15 பேரின் எலும்புகள். அவர்களில் ஒரு தகப்பனும் அவருடைய நான்கு மகன்களும் இருந்தார்கள். இராணுவ நீதிமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தைக் காட்டிக் குற்றவாளிகளை விட்டது. ஆனால் அந்த 15 பேரும் கொல்லப்பட்டார்கள் என்பதை அதன் பிறகு எவராலும் மறுக்க முடியவில்லை. செய்தித் தொடர்பு வேலைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

உன் கட்டுரையில் ஓர் இடம் அபாரம். மேஸ்திரியின் கணக்கு நோட்டில் முன்பணம் ஒரு பக்கம், அறுத்த கல் மறுபக்கம். கடன் பக்கத்தில் மட்டும் பேனா, கல் பக்கத்தில் பென்சில். பல வருடங்களாக இந்த அறிக்கைகளைப் படித்தவர்கள்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதைக் கண்ட கண்ணுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

அந்த நோட்டை விண்ணப்பத்தின் முதல் பத்திக்குக் கொண்டு வா. கட்டுரையில் அண்ணனுக்கு இரண்டு பத்தி கொடு. அதற்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேள். நேர்காணலில் இரண்டு கேள்விகளை நீயும் கேட்க வேண்டும்: வழக்கு நடக்கும்போது ஒரு செய்தியை நிறுத்திவைக்கும் அதிகாரம் வழக்கறிஞருக்கு உண்டா? சம்மதம் கொடுத்த குடும்பம் ஒரு வருடம் கழித்து மனம் மாறினால், படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுப்பது யார் பொறுப்பு?