வெளியூர்ப் பயணத்தில் மடிக்கணினி

முன்பெல்லாம் கொள்முதலுக்கு வெளியூர் போகும்போது பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு போவோம். பேரேடு கடையில் பத்திரமாக இருக்கும். இன்று பணம் வங்கி வழியே போய்விடுகிறது. பேரேடுதான் நம்முடன் பயணம் செய்கிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மில் என்ன விலைக்குக் கொடுத்தது, ஜி.எஸ்.டி. கணக்கு என்ன, எல்லாம் மடிக்கணினிக்குள். பெட்டி போனால் வேறு வாங்கலாம். பாக்கிப் பட்டியல் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

பெரும்பாலும் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் வருவதில்லை; கவனத்தைத் திருப்புகிறவன்தான் வருகிறான். "சார், உங்க பணம் கீழே விழுந்து கிடக்குது" என்பான். கார் அருகே நாலைந்து பத்து ரூபாய் நோட்டுகள் கிடக்கும். நாம் குனிவதற்குள் மறுபக்கக் கதவு வழியே பை போய்விடும். வங்கி வாசலில் பணப்பைக்காகச் செய்த அதே பழைய வித்தைதான். பையை டிக்கியில் வைத்துப் பூட்டுவது நல்லது. அதையும் புறப்படும் இடத்திலேயே செய்துவிட வேண்டும். வண்டி நிறுத்திய இடத்தில், நாலுபேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைப்பது வழிகாட்டுவது போலாகும்.

ரயிலில் போனால் ரயில்வே பொறுப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. 2005-இல் ரயிலில் பயணம் செய்த வியாபாரி ஒருவர் இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த 1 லட்சம் ரூபாய் திருடு போயிற்று. நுகர்வோர் மன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், பயணி தன் பொருளைத் தானே காத்துக்கொள்ளாவிட்டால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று சொல்லிவிட்டது. பதினெட்டு வருடம் கழித்து! எனவே கீழ்ப் படுக்கைக்கு அடியில் உள்ள கம்பி வளையத்தில் சூட்கேசைச் சங்கிலியால் பூட்டுங்கள். மடிக்கணினிப் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, பையைத் தலைக்கு அணைவாக வைத்துப் படுங்கள்.

கண்காட்சி ஸ்டாலில் உட்காருகிறவர்களுக்குக் கம்பிவடப் பூட்டு உதவும். பல மடிக்கணினிகளின் பக்கவாட்டில் இதற்கென்றே சிறு துளை உண்டு. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் இல்லை. வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன் கணக்கைக் கடையில் உள்ள தனி டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க்கையும் அதே பையில் போட்டு எடுத்துப் போகிறவர்கள் உண்டு! டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அந்தப் பையில் வேண்டாம். வாங்கிய பில்லும் சீரியல் எண்ணும் கடையில் இருக்கட்டும். போலீசில் முதலில் கேட்பது அதைத்தான். ரயிலில் திருடு போனால் 139-க்குப் பேசுங்கள். டிக்கெட் பரிசோதகரிடமும் புகார் எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் முன்னால், கைபேசியிலிருந்தே மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.