மாமாவின் ஜீப்பும் பாஸ்கல் விதியும்



அறிவியல் பகுதிக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி டீச்சர் சொன்னார்கள். கோள்கள், எரிமலை, டைனோசர் எல்லாம் ஏற்கெனவே இந்தச் சுவரில் வந்துவிட்டன. அதனால் எங்கள் மாமாவின் ஜீப்புக்கு முன்பக்க வேலை பார்த்ததைப் பற்றி எழுதுகிறேன். முன்பக்க வேலை என்றால் முன் சக்கரங்களின் ஸ்பிரிங் பட்டை, கிங் பின், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்வது. கோடை விடுமுறையில் ஐந்து நாள் நடந்தது. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் பிடிப்பது, பிரேக் மிதிப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், இதிலும் நம் பாடம் இருக்கிறது.

முதலில் ஜீப்பின் வரலாறு கொஞ்சம். இரண்டாம் உலகப் போருக்காக 1941-லிருந்து அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி ஜீப்புகளை ஆயிரக்கணக்கில் செய்தது. நம் நாட்டில் 1945-ல் தொடங்கிய மகேந்திரா அண்ட் முகம்மது என்ற கம்பெனி 1947-ல் அவற்றின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. 1948-ல் அதன் பெயர் மகேந்திரா அண்ட் மகேந்திரா என்று மாறியது. மாமாவின் ஜீப் அந்த வம்சத்தில் வந்ததுதான். அதன் வயது என் வயதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

அத்தனை வருடம் நம் மலைப் பாதையில் ஓடிய வண்டிக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருந்தது. பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பெடல் அடிவரைக்கும் போய்விடும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். பிடிக்கும்போது வண்டி வலது பக்கம் இழுக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். மாமாவோ, "ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதில்ல, அப்புறம் என்ன?" என்பார். சேர்த்து வைத்த பணத்தில் வண்டிக்குப் புது படுதாவும் பச்சை பெயிண்டும் அடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அத்தை அப்போது ஏழு மாதம். எங்கள் ஊர் வரைக்கும் 108 வண்டி ஏறி வராது. தார் ரோடு வரை ஜீப்பில்தான் போக வேண்டும். "இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். அந்தக் காலம் மாதிரி டோலி கட்டித் தூக்கிட்டுப் போங்க" என்று அத்தை சொல்லிவிட்டாங்க. அவங்க பயந்ததில் தப்பில்லை. 2022 ஏப்ரல் 2-ம் தேதி நம் ஜவ்வாது மலையிலேயே, புதூர்நாடு பக்கம் செம்பரை மலையில், கோயிலுக்குப் போனவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அதைக் கேட்ட யாரும் மலை வண்டி என்றால் இரண்டு தடவை யோசிப்பார்கள். பெயிண்ட் காசு பிரேக்குக்குப் போனது.

போளூரிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வந்ததும் எதையும் கழற்றவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது.) பிறகு டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். 'டொக் டொக்' என்று ஆடியது. "பாப்பா, இப்ப பிரேக்கை மிதிச்சுப் பிடி" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அப்போதும் ஆடியது. உடனே, "வீல் பேரிங் மட்டும் இல்ல, கிங் பின்னும் போச்சு" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? பிரேக்கை மிதித்தால் சுற்றும் டிரம்மும் சுற்றாத பகுதியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது சக்கரத்தின் பேரிங்கில் உள்ள ஆட்டம் தெரியாது. அதற்கு மேலும் ஆட்டம் மிச்சம் இருந்தால், அது சக்கரம் இடம் வலம் திரும்பும் கீலில், அதாவது கிங் பின்னில் இருக்கிறது என்று அர்த்தம். நம் கதவின் கீல் தேய்ந்தால் கதவு ஆடுமே, அது மாதிரி. ஸ்டியரிங் நடுக்கத்துக்கும் அதுதான் முக்கியக் காரணம். ஒரு கருவியும் இல்லாமல் ஒரு மிதியில் இரண்டு நோயைப் பிரித்துவிட்டார். எனக்கு இந்த ஐந்து நாளில் மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்தது ஸ்பிரிங். பழைய ஜீப்பில் முன்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். நீளத்திலிருந்து குட்டை வரை இரும்புப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு, வில் மாதிரி வளைத்திருப்பார்கள். நம் முன்னோர் ஓட்டிய வில் வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த வில்லால்தான். குலுங்கும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். அந்த உராய்வு, வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. உராய்வு கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

அடுக்கைப் பிரித்தபோது இடது பக்கம் மூன்றாவது பட்டை இரண்டாக உடைந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. மேலும் கீழும் உள்ள பட்டைகள் அதை மறைத்து வைத்திருந்தன. நடு போல்ட்டும் பாதி தேய்ந்திருந்தது. அது அறுந்தால் அச்சு பின்னால் நழுவி, வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். உடைந்த பட்டையை மாற்றி, தட்டையாகிப் போன மற்றவற்றைப் பட்டறையில் அடித்து மறுபடி வளைத்து வாங்கி வந்தோம். உடைந்த துண்டை மாமா தூக்கிப் போடவில்லை. அது நல்ல எஃகு. லாரிப் பட்டையில் அடித்த அருவாள் உங்கள் வீட்டிலும் இருக்கும், பாருங்கள்.

பட்டையின் இரு முனைகளிலும் இருந்த ரப்பர் புஷ்களும் பிய்ந்திருந்தன. புதிது போட்டோம். ஒரு விஷயம்: இந்த முனை போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கிங் பின்னுக்கு மேலும் கீழும் புது பேரிங் போட்டார்கள். அது சரியான இறுக்கத்தில் இருக்க, மேல் மூடிக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். இறுக்கத்தை எதில் அளந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் புளி நிறுக்கும் ஸ்பிரிங் தராசில்! கொக்கியை மாட்டி இழுத்து, எத்தனை கிலோ காட்டும்போது திரும்புகிறது என்று பார்த்தார் அண்ணன். கிலோ என்பது நிறை, இழுப்பது விசை என்று நான் சொன்னேன். "அதெல்லாம் உங்க டீச்சர்கிட்ட சொல்லு" என்றார்.

இனி பிரேக். டிரம்மைக் கழற்றினால் உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ, அவற்றின் மேல் லைனிங், நடுவில் சின்ன சிலிண்டர். உள்ளே இருந்த தூசியை அண்ணன் வாயால் ஊதவில்லை, ஈரத் துணியால் துடைத்தார். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. தம்பிகள் யாராவது பட்டறையில் வேடிக்கை பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

இடது முன் சக்கரத்தின் சிலிண்டரில் ரப்பர் கப் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்து லைனிங் முழுக்க நனைந்திருந்தது. எண்ணெய் பட்டால் உராய்வு ஏது? இடது வழுக்கும், வலது பிடிக்கும். வண்டி வலது பக்கம் இழுத்த மர்மம் இதுதான். ஆயில் குடித்த லைனிங்கைத் துடைத்தாலும் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடியும் இழுக்கும், அதனால் இரண்டு பக்கமும் மாற்றினோம். டிரம்களைப் போளூர் லேத் பட்டறையில் கொடுத்து உள்பக்கம் கீறல் போக லேசாகக் கடைந்து வந்தார் மாமா.

இரண்டு மிதிக்கும் காரணம் கிடைத்தது. லைனிங் தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. முதல் மிதியில் போகும் ஆயில் அந்த இடைவெளியைக் கடக்கவே சரியாகிவிடுகிறது. ஷூ திரும்பி வருவதற்குள் இரண்டாவது மிதி மிதித்தால்தான் அழுத்தம் கிடைக்கிறது. ஆனால் மலை இறக்கத்தில் இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வது?

இங்கேதான் நம் பாஸ்கல் வருகிறார். பிரான்ஸ் நாட்டு பிளேஸ் பாஸ்கல் 1623-ல் பிறந்து 1662-ல் இறந்தவர். அவர் மோட்டார் வண்டியையே பார்த்ததில்லை. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்றார். நாம் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவில் போகிறது.

அழுத்தம் ஒன்றுதான், ஆனால் விசை ஒன்றல்ல. முன் சக்கர சிலிண்டரை ஸ்கேலில் அளந்தேன், விட்டம் 25 மி.மீ. பின் சக்கரத்துடையது 19 மி.மீ. விசை பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25×25=625. 19×19=361. வகுத்தால் 1.73. அதாவது முன் ஷூவை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அதிக விசை தள்ளுகிறது. ஏன் அப்படி வைத்தார்கள்? பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நாமெல்லாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படியே முன் சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்தில் இன்னும் அதிகமாகப் போகும். பாரம் அதிகம் உள்ள சக்கரம்தான் தரையை நன்றாகப் பிடிக்கும். நம் மலைக்கு முன் பிரேக்தான் உயிர்.

எல்லாம் பூட்டிய பிறகு ஏர் எடுக்க வேண்டும். குழாயில் காற்று இருந்தால் அது சுருங்கும், திரவம் சுருங்காது. காற்று இருந்தால் நம் மிதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். நான் சீட்டில் தலையணை வைத்து உட்கார்ந்து மிதித்தேன். "மிதி... பிடி... விடு." பாட்டிலில் குமிழி வருவது நிற்கும் வரை இதுவே. மறுநாள் காலையில் கால் வலித்தது. ஆனால் ஒரே மிதியில் பெடல் கல் மாதிரி நின்றது.

அடுத்த மாதம் அத்தை அதே ஜீப்பில், முன் சீட்டில் உட்கார்ந்து தார் ரோடு வரை போனாங்க. பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

கடைசியாக வெப்பம் பற்றி. ஆட்களோடு 2000 கிலோ உள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். (காவலூர் வானாய்வு நிலையம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் இது கற்பனைக் கணக்கு இல்லை.) நிலை ஆற்றல் 2000×9.8×500 = 98 லட்சம் ஜூல். 25 டிகிரியில் உள்ள 31 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு பெரிய அண்டா! பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் இதில் பெரும் பகுதி டிரம்மில்தான் இறங்கும். டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். பிரேக் ஆயில் வேறு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் சேர்ந்தால் 140 போதும் என்று வைத்திருக்கிறார்கள். கொதித்தால் ஆவி வரும், ஆவி காற்று மாதிரி சுருங்கும், பெடல் அடிக்குப் போய்விடும். மாமா வண்டியில் வந்த பழைய ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

அதனால்தான் டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்கிறார்கள். அப்போது அந்த ஆற்றலில் பெரும் பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும்.

தோழர்களுக்கு ஒரு கேள்வி: மாஸ்டர் சிலிண்டரின் விட்டமும் 25 மி.மீ. தான். அதன் பிஸ்டனை 1000 நியூட்டன் விசையில் தள்ளினால், பின் சக்கரத்தின் ஒரு பிஸ்டனில் எத்தனை நியூட்டன் கிடைக்கும்? செய்முறையோடு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். விடை அடுத்த இதழில்.

– 9-ஆம் வகுப்பு மாணவி