கடல் கடந்த வாணிகமும் சட்டமும்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி அமைந்திருப்பது ஓசூர் நகரம். கேழ்வரகும் அவரையும் விளைந்த சிற்றூர்களின் நடுவே, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்பேட்டை எழுந்தது. கைக்கடிகாரங்களும், இருசக்கர வண்டிகளும், சரக்குந்துகளும் இங்கே உருவாகின்றன. பசுமைக் குடில்களில் மலரும் ரோசாப் பூக்கள் வானூர்தியேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. உழவும் தொழிலும் ஒருங்கே நிகழும் இடம் இஃது எனலாம்.

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடும். முன்னாளில் இவ்வெல்லையில் வணிகவரிச் சோதனைக்காகச் சரக்குந்துகள் நெடுநேரம் காத்து நிற்கும். 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது, அச்சோதனையும் நீங்கியது. மாநிலங்கள் இரண்டாயினும் நாடு ஒன்று. வாணிகத்திற்குரிய அடிப்படைச் சட்டங்களும் ஒன்றே. ஓசூர் வணிகருக்குப் பெங்களூரு வணிகர் பணம் தரவேண்டியிருப்பின், இங்குள்ள நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை அங்குள்ள நீதிமன்றத்திற்கு மாற்றி நிறைவேற்றிக் கொள்ளலாம். ஆனால், வாங்குபவர் கடலுக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது? அவர் நாடு வேறு, சட்டம் வேறு, நீதிமன்றத்தின் மொழியும் வேறு. இவ்வினாவிற்கு விடை காண, கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளை நோக்குவோம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மாங்கனிக்குப் பேர் பெற்றது. ‘பெங்களூரா’ என்று இவ்வட்டாரத்தார் அழைக்கும் கிளிமூக்கு மாம்பழமும், அல்போன்சாவும் இங்கே மிகுதியாக விளைகின்றன. கோடைக் காலத்தில் தோட்டங்களிலும் மண்டிகளிலும் குவியும் காய்களுள் பெரும்பங்கு மாங்கூழ்த் தொழிற்சாலைகளைச் சென்றடைகிறது. அங்கே காய்கள் பழுக்க வைக்கப்பெறுகின்றன; பின்னர்க் கழுவப்பெற்று, தோலும் கொட்டையும் நீக்கப்பெறுகின்றன. பிழிந்தெடுத்த கூழைச் சூடேற்றி, நுண்ணுயிர்களை அழித்து, காற்றுப் புகாத பைகளிலும் தகரக் குப்பிகளிலும் அடைக்கின்றனர். அவ்வாறு அடைக்கப்பெற்ற கூழ் சென்னைத் துறைமுகம் சென்று, கப்பலேறி, அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவிற்கும் போகிறது. பாலை நிலத்து நகரொன்றில் ஒரு சிறுவன் பருகும் மாம்பழச் சாற்றில், கிருஷ்ணகிரியின் செம்மண் விளைவும் கலந்திருத்தல் கூடும்.

மாம்பருவம் சில திங்களே நீடிக்கும். அதற்குள் ஆலையினர் காய்களை வாங்கியாக வேண்டும். உழவருக்கு விலையும், தொழிலாளருக்குக் கூலியும், வண்டிக்கு வாடகையும் தந்தாக வேண்டும். அதன்பொருட்டு வங்கியில் கடன் பெறுவர். கூழை வாங்கிய அயல்நாட்டு வணிகர் பணம் அனுப்பாவிடின், அவ்விழப்பு ஆலையின் வாயிலோடு நின்றுவிடாது. அடுத்த பருவத்தில் காய்களின் விலை குறையும். தோட்டக்காரர் வீட்டுத் திருமணம் தள்ளிப் போகும். எங்கோ தவறிய ஒரு சொல், இங்கே ஓர் எளிய குடும்பத்தை வருத்தும். ஆகவே, அயல்நாட்டு வாணிகச் சட்டம் பெருவணிகர்க்கு மட்டும் உரியதன்று, உழவர்க்கும் உரியதே.

தொலைதூர வாணிகத்தில் எழுத்தாவணத்தின் தேவையை முன்னோரும் உணர்ந்திருந்தனர். சேர நாட்டு முசிறித் துறைமுகத்தோடு நிகழ்ந்த வாணிகத்தைக் குறிக்கும் கடன் ஒப்பந்தம் ஒன்று, ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் காக்கப்பட்டு வருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், உரோமரின் ஆட்சிக்குட்பட்ட எகிப்தில், பாப்பிரசுத் தாளின்மீது கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது அது. கடன் பெற்றவர் உரிய காலத்தில் பணத்தைச் செலுத்தாவிடின், ஈடாக வைத்த சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதிலுள்ள நிபந்தனை. அதன் மறுபுறம் கப்பலில் வந்த தந்தம் முதலிய பண்டங்களின் கணக்கு காணப்படுகிறது.

இக்காலத்தில் வணிகருக்குத் துணையாக நிற்பது கடன் உறுதிக் கடிதம் ஆகும். இதனைச் சுருக்கமாக ‘எல்.சி.’ என்பர். வாங்குபவரின் வேண்டுகோளின்படி அவருடைய வங்கி, ‘குறித்த ஆவணங்களை முறைப்படி அளித்தால் பணம் தருவோம்’ என்று விற்பவருக்கு உறுதியளிக்கிறது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. சரக்கேற்றச் சீட்டு, விலைப்பட்டியல் முதலிய ஆவணங்களையே பார்க்கும். அவற்றில் சிறு பிழை இருப்பினும் பணம் தடைபடலாம். எனவே, கூழின் சுவையில் காட்டும் கருத்தைத் தாளிலும் காட்டுதல் வேண்டும்.

எனினும், நெடுநாட் பழக்கத்தை நம்பி, எல்.சி. இன்றிக் கடனாகவே சரக்கை அனுப்புவோரும் உளர். கிருஷ்ணகிரி ஆலை ஒன்று துபாய் வணிகர் ஒருவருக்கு இவ்வாறு மாங்கூழ் அனுப்பியது என்றும், அவர் பணம் தர மறுத்தார் என்றும் கொள்வோம். ஆலையினர் கிருஷ்ணகிரியில் வழக்காடி வென்றாலும், அவ்வணிகரின் கடையும் பணமும் துபாயில் உள்ளன. இங்குள்ள நீதிமன்றத்து அமீனா ஓசூருக்குச் செல்லலாம். துபாய்க்குச் செல்ல இயலாது. அங்குள்ள நீதிமன்றம் உதவினாலன்றித் தீர்ப்பு வெறுந்தாளாகவே இருக்கும்.

இக்குறையை நீக்குவதற்காக, இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 1999-ஆம் ஆண்டில் நீதித்துறை ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. உரிமையியல், வணிகவியல் வழக்குகளில் ஒரு நாட்டின் அழைப்பாணையை மற்ற நாட்டில் சேர்ப்பிக்கவும், தீர்ப்புகளை நிறைவேற்றவும் அது வழிவகுத்தது. ஆனால், உடன்படிக்கையில் கையெழுத்திடுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. நம் நாட்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 44-ஏ என்னும் பிரிவு உள்ளது. நடுவணரசு அறிவிக்கும் நாடுகளின் உயர்நிலை நீதிமன்றங்கள் வழங்கும் பணத் தீர்ப்புகளை, நம் மாவட்ட நீதிமன்றங்கள் தம் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம் என்பது அதன் கருத்து. இங்கிலாந்து, சிங்கப்பூர் முதலிய நாடுகள் முன்னரே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. அமீரகம் இடம்பெற்றது 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிலேதான். அதுவரையில் அந்நாட்டுத் தீர்ப்பைப் பெற்றவர், அதனைச் சான்றாகக் காட்டி இங்கே புதிதாக வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வறிவிப்பு நமக்கு நன்மையா, தீமையா என்று சிலர் ஐயுறலாம். முன்பணம் பெற்றுக்கொண்டு கெட்டுப்போன கூழை அனுப்பிய ஆலை ஒன்றின்மீது துபாய் வணிகர் அங்கே வெல்வாராயின், அத்தீர்ப்பு இப்போது கிருஷ்ணகிரியின் வாயிலுக்கே வந்து சேரும். ஆயினும், ஒருபுறம் மட்டும் சாயும் துலாக்கோலை எவரும் நம்பார். நம் தீர்ப்பை அயலார் மதிக்க வேண்டுமாயின், அவர் தீர்ப்பை நாமும் மதித்தல் வேண்டும். நேர்மையற்ற தீர்ப்பிலிருந்து காக்கும் அரணும் சட்டத்தில் உண்டு. அதிகாரமில்லாத நீதிமன்றம் வழங்கியதாகவோ, வஞ்சனையால் பெறப்பட்டதாகவோ, இயற்கை நீதிக்கு மாறானதாகவோ இருப்பின், அத்தீர்ப்பை நம் நீதிமன்றம் ஏற்காது.

நீதிமன்றம் செல்லாமல் நடுவரிடம் முறையிடுவதும் உண்டு. அயல்நாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பது பற்றி 1958-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா அதனை 1960-இல் உறுதி செய்தது. அமீரகம் 2006-இல் அதில் சேர்ந்தது.

வழக்குகளைத் தீர்ப்பதோடு நில்லாமல், வாணிகத்தை வளர்க்கவும் இரு நாடுகளும் முற்பட்டன. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் கையெழுத்தாகி, மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இந்தியப் பொருள்களுள் மிகப் பலவற்றிற்கு அமீரகம் சுங்கவரியை நீக்கவோ குறைக்கவோ இசைந்தது. இச்சலுகையைப் பெற, பொருள் இந்தியாவில் விளைந்தது அல்லது உருவானது என்பதற்குத் தோற்றச் சான்றிதழ் வேண்டும். வேறொரு நாட்டின் சரக்கு நம் பெயரைச் சூடிக்கொண்டு சலுகை பெறுதல் கூடாது என்பதே இதன் நோக்கம்.

வாணிகத்தின் உயிர் நம்பிக்கை; அதற்கு வேலியாக நிற்பது சட்டம். எனினும், வேலி எத்துணை வலிதாயினும், உள்ளே பயிரில்லையேல் பயனில்லை. சொன்ன தரத்தில், சொன்ன நாளில் பொருளை அனுப்புதலும், ஒப்பந்தத்தைப் படித்துணர்ந்து கையெழுத்திடுதலும் நம் கடமை. எதிர்காலத்தில் எழுத்தராகவோ, வணிகராகவோ, வழக்கறிஞராகவோ விளங்கப்போகும் மாணவர் இதனை உளங்கொள்ளுதல் நன்று. அவர்கள் செவ்வையாக எழுதும் ஒரு தாள், தோட்டத்தில் உழைப்பவரின் கூலியைக் கடல் கடந்தும் காத்துக் கொணரும்.