லிஸ்ட் வாங்கச் சொன்னால் என்ன செய்வது?

பினாங்கில் ஒரு சிறு நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். சில வாரங்களில் முதலாளி சொல்வார்: "யாரோ கம்பெனி லிஸ்ட் விற்கிறார்களாம், ஒன்று வாங்கிப் பாருங்கள்." ஆயிரக்கணக்கான பெயர்கள், கைப்பேசி எண்கள், எல்லாம் ஒரே எக்செல் கோப்பில், விலையும் குறைவு. விலை பேசும் முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். உதாரணமாக, ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் முகவரி உள்ள வரிகளை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். ஜாலான் டத்தோ கிராமாட்டில் இருக்கும் பினாங்கு டைம்ஸ் ஸ்குவேரின் குறியீடு 10150. பினாங்குத் தீவுக் குறியீடுகள் 10 அல்லது 11 என்று தொடங்கும். 12, 13, 14 என்று தொடங்கினால் அது பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறை. 5 என்று தொடங்கினால் அது கோலாலம்பூரில் உள்ள டத்தோ கிராமாட். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து அள்ளிய பட்டியலில் இவை எல்லாம் கலந்து கிடக்கும். ஜார்ஜ்டவுன் கடைகளுக்கு ஏர்கோன் சர்வீஸ் செய்கிற நிறுவனத்துக்கு கோலாலம்பூர் எண்களால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து பதிவு எண். மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். 2019 அக்டோபரில் 12 இலக்க எண்ணுக்கு மாறியது. முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு வகையைச் சொல்லும்: 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் தனியாளோ கூட்டாளிகளோ நடத்தும் வணிகம். பட்டியல் முழுவதும் பழைய எண் மட்டுமே இருந்தால் அது பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று அறியலாம். கோவிட் காலத்துக்குப் பிறகு எத்தனை கடைகள் மூடின, எத்தனை இடம் மாறின என்பது ஜாலான் டத்தோ கிராமாட்டில் நடப்பவர்களுக்குத் தெரியும்.

முகவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சென்டிரியான் பெர்ஹாட்டுக்கும் பதிவு அலுவலகம் ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அது கம்பெனி செக்ரட்டரியின் அலுவலகம்தான். கவனிக்காமல் அந்த முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பினால், நூறு நிறுவனங்களுக்கான நூறு உறைகளும் ஒரே செக்ரட்டரியின் மேசையில் போய்க் குவியும். வியாபார முகவரி தனிப் பத்தியாக இல்லாத பட்டியலை வாங்காதீர்கள்.

யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மலேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. 56 என்று தொடங்குபவை உணவும் பானமும். 45 என்று தொடங்குபவை வாகன விற்பனையும் பழுதுபார்ப்பும். "10150 வட்டாரத்தில், 56 என்று தொடங்கும் குறியீட்டில், மூன்று ஆண்டாவது நடந்துவரும் கடைகள்" என்று கேளுங்கள். சரியான விற்பனையாளர் அதைப் பிரித்துத் தருவார். முடியாதவரிடம் இருப்பது வெறும் எண்களின் குவியல்.

இனிச் சட்டம். இங்கேதான் உங்கள் சொந்த வேலையும் பெயரும் மாட்டிக்கொள்ளும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண், அதாவது 04 என்று தொடங்கும் கடை எண், தனிநபர் தரவு ஆகாது. ஆனால் பெயரோடு வரும் கைப்பேசி எண், பெயரோடு வரும் மின்னஞ்சல் இரண்டும் தனிநபர் தரவு. டத்தோ கிராமாட் போன்ற வட்டாரத்தில் பல சிறு கடைகளுக்குக் கடை எண் என்பதே தவுக்கேயின் சொந்தக் கைப்பேசிதான். ஆகவே "இது வணிகப் பட்டியல், சட்டம் தொடாது" என்று விற்பவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள்.

நேரடி விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று எவரும் எழுத்தில் கேட்கலாம் என்கிறது 43-ஆவது பிரிவு. கேட்டும் நிறுத்தாமல், பிறகு ஆணையர் உத்தரவிட்டும் கேட்காவிட்டால் 200,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். தரவை வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தெரிந்தே திரட்டுவதற்கும் அப்படித் திரட்டியதை விற்பதற்கும் 130-ஆவது பிரிவில் 500,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. 2024-இல் செய்த திருத்தம் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளை மீறுவோருக்கான அபராத உச்சத்தை 300,000 வெள்ளியிலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியது. 133-ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள். நிறுவனம் குற்றம் செய்தால் இயக்குநர் மட்டுமல்ல, மேலாளர் பொறுப்பில் இருப்பவரும் குற்றம் சாட்டப்படலாம். "முதலாளி வாங்கச் சொன்னார்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்.

அதனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது, எப்போது திரட்டியது, அந்த நபர் விளம்பரத்துக்குச் சம்மதித்தாரா. அதோடு ஐம்பது வரிகளை நீங்களே அங்கங்கே பொறுக்கி எடுத்து அழைத்துப் பாருங்கள். மாதிரியை விற்பவர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். என் கணக்கு கறாரானது: பத்துக்கு எட்டாவது உயிரோடு இல்லை என்றால் அந்தப் பட்டியல் வேண்டாம்.

எந்த வழியில் அனுப்பப் போகிறீர்கள் என்பதும் தேர்வை மாற்றும். புலனத்தில் (வாட்ஸ்அப்) உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே ஒலிபரப்புப் பட்டியலின் செய்தி போய்ச் சேரும். விலைக்கு வாங்கிய எண்களுக்கு அது பயன்படாது. தனித்தனியாக அனுப்பி நிறையப் பேர் முடக்கினால் உங்கள் கணக்கே போய்விடும். நிறுவனங்கள் இணைப்போடு குறுஞ்செய்தி அனுப்புவதைத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2024 செப்டம்பர் முதல் தடுத்துவிட்டது. மின்னஞ்சலுக்கு வந்தால், 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் கடுமை காட்டுகிறது. ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மீதான குப்பைப் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் புகார் செய்தாலே ஆபத்து. பழைய பட்டியல் ஒன்றால் நிறுவனத்தின் அன்றாட இன்வாய்ஸ் மின்னஞ்சல்கள்கூட வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்குப் போகலாம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு பட்டியலின் விலையைவிட அதிகம்.

சரி, நல்ல பட்டியல் எங்கே கிடைக்கும்? எஸ்.எஸ்.எம். தகவலை அதன் சொந்தச் சேவையிலேயே கட்டணம் கட்டி வாங்கலாம். தொழிற்சாலைகள் வேண்டுமென்றால் மலேசிய உற்பத்தியாளர் சம்மேளனத்தின் தொழில் கையேடு இருக்கிறது. இந்திய வர்த்தகர்களுக்குப் பினாங்கு இந்திய வர்த்தக தொழிலியல் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு கூட்டத்துக்குப் போய் அறிமுகமாகிக் கொள்வது அந்நியர்களின் ஆயிரம் எண்களைவிடப் பலன் தரும். இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது நேரில் நடந்து போய்ப் பார்ப்பதை. கொம்தார் பக்கம் தொடங்கி ஆயர் ஈத்தாம் திசையில் ஜாலான் டத்தோ கிராமாட்டின் கடைவீடுகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். பெயர்ப்பலகையில் கடையின் பெயர், தொழில், 04 எண் எல்லாம் இருக்கும், அதுவும் இன்றைய தேதியில். உள்ளே போய்ப் பேசி, சம்மதம் கேட்டு வாங்கிய கைப்பேசி எண்ணுக்கு அருகில் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு வரிகள் சேர்ந்தால் ஒரு சிறு நிறுவனத்துக்குப் பல மாத வேலை இருக்கிறது.

இன்னொரு பட்டியலையும் முதல் நாளே தொடங்குங்கள்: "அனுப்பாதீர்கள்" என்று சொன்னவர்களின் பட்டியல். புதிதாக எது வந்தாலும் அதோடு ஒப்பிட்ட பிறகே அனுப்ப வேண்டும். நீங்கள் வேலை மாறிப் போனாலும் அந்தக் கோப்பு நிறுவனத்தில் இருக்கட்டும்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை எழுதிக் கையெழுத்திட மறுக்கும் விற்பனையாளரிடம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள். அந்த மறுப்பை மின்னஞ்சலில் முதலாளிக்கும் தெரிவித்துவிடுங்கள்.