சிட்சையும் தண்டனையும்

கால் எலும்பு முறிந்து நெடுநாள் படுக்கையில் இருப்போர் எங்களிடம் மருந்தைப் பற்றிக் கேட்பது குறைவு. "நான் என்ன பாவம் செய்தேன்? ஆண்டவர் ஏன் என்னைத் தண்டிக்கிறார்?" என்றே பலர் கேட்கின்றனர். சிலருடைய தலைமாட்டில் எபிரெயர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் திறந்திருக்கும்.

அங்கு வரும் 'சிட்சை' என்ற சொல்லே அவர்களைக் கலங்க வைக்கிறது. அதன் கிரேக்க மூலம் 'பைதேயா'. பிள்ளையை வளர்த்துப் பயிற்றுவிப்பதைக் குறிப்பது. பதினோராம் வசனத்தில் 'பழகினவர்கள்' என்பதன் மூலச்சொல்லோ உடற்பயிற்சிக் களத்திலிருந்து வந்தது. அறுவைக்குப் பின் பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடக்கும்போது உயிர் போகிறாற்போல் வலிக்கும். அதை ஒருவரும் தண்டனை என்பதில்லை. அப்பகுதியில் கடுஞ்சொற்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆயினும் அவை தந்தை மகனிடம் பேசுபவை. நீதிபதி குற்றவாளியிடம் பேசுபவை அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றே இயேசு விடையளித்தார் (யோவான் 9).

குற்றால மலையின் தொடர்ச்சியிலேயே, தெற்கே, மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் 1901 முதல் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றவர், அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தார். இன்றைய அறுவை முறைகள் அன்று இல்லை.

நலமாயிருப்போர் நோயாளிகளுக்கென எழுதிய ஆறுதல் நூல்கள் தம்மை எட்டவில்லை என்பதைப் படுக்கையில்தான் அவர் உணர்ந்தார். ஆகவே நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலை எழுதினார். அது 1933-இல் வெளிவந்தது. நடமாடிய காலத்தில் அவரால் அதை எழுதியிருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். வலி அவருக்குப் பழக்கிக் கொடுத்தது இதைத்தான்.

உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு சொல். சாரல் நாட்களில் அருவியில் குளித்த ஈரத்தலையோடு உறவினர் வார்டுக்கு வருவர். "ஆண்டவர் உங்களைத் திருத்துகிறார்" என்று சொல்லிப் போவர். ரவுண்ட்ஸில் நின்றபடியே நாங்களும் அவ்வாறு சொன்னதுண்டு. ஒரு மூதாட்டி மறுமொழி சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட பிறகே நிறுத்தினோம். அதைக் கண்டுணர்ந்து சொல்லும் உரிமை படுத்திருப்பவருக்கே உண்டு. அவருக்கு அது விளங்க மாதங்கள் ஆகலாம், விளங்காமலும் போகலாம். நீங்கள் இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள், முதுகைத் துடைத்துவிடுங்கள். அவராகப் பேசத் தொடங்கினால், நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு உட்காருங்கள்.